பனியும் பாலும்

குளிர்காலம் என்றதும் பட்டணவாசிகளாகிய நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மார்கழி மாதத்துப் பஜனை, நெய் சொட்டும் வெண்பொங்கல், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் அரைமணி நேரம் தூங்கும் சுகம் ஆகியவைதாம். விடியற்காலையில் வாசலுக்கு வந்து சேரும் பாலைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. ஒரு நாள் தாமதமாக வந்தால் மட்டும் நினைக்கிறோம். அப்போதும் நல்ல வார்த்தை சொல்லி நினைப்பதில்லை!

அந்தப் பால் புறப்படும் இடத்தில் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கிறார்கள்? நாம் தூங்கும் அந்த அரைமணி நேரத்தில் அங்கே யார் விழித்திருக்கிறார்கள்? இதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று நமக்கு வெகு நாளாக ஆவல். நமது தேசத்தில் மாடு இல்லாத ஜில்லா கிடையாது. ஆயினும், பாலினாலேயே பெயர் பெற்ற ஊர் என்று சொன்னால், குஜராத்தில் உள்ள ஆனந்த் என்னும் ஊரைத்தான் முதலில் சொல்லவேண்டும். ஆகவே, உத்தராயணப் பண்டிகைக்கு ஐந்தாறு தினங்கள் இருக்கும்போது, கம்பளிகளை மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பிரயாணமானோம்.

சரோதர் சீமை

ஆமதாபாத்துக்கும், இப்போது வதோதரா என்று வழங்கும் பரோடாவுக்கும் நடுவே, பம்பாய் ரயில் பாதையில் இருக்கிறது ஆனந்த். முன்பு கேடா ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1997-ஆம் வருஷத்தில் தனி ஜில்லா ஆயிற்று. அதைச் சுற்றியுள்ள பிரதேசத்துக்குச் சரோதர் என்று பெயர். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளமில்லாத பூமி. ஒரு பக்கம் புகையிலை, ஒரு பக்கம் கோதுமை, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. நடுநடுவே வேப்ப மரங்களும் மாமரங்களும். இவற்றுக்கிடையே பச்சைப் பட்டுத் துண்டை விரித்தாற்போல் ஒரு பயிர் அங்கங்கே தெரிந்தது. என்னவென்று விசாரித்தால், “ரஜ்கோ” என்றார்கள். நம் பக்கத்தில் குதிரைமசால் என்று சொல்வோமே, அதுதான். மனிதர்களுக்காகப் பயிரிட்ட நிலத்துக்கு நடுவில், மாட்டுக்கென்றே நல்ல பாத்தியில் நீர் பாய்ச்சி வளர்த்த பயிர்! இந்தச் சீமையில் மாட்டுக்கு என்ன ஸ்தானம் என்பது அப்போதே விளங்கிவிட்டது.

தேச சரித்திரம் படித்தவர்களுக்குக் கேடா என்ற பெயர் புதிதன்று. 1918-இல் விளைச்சல் பொய்த்த வருஷத்தில், நிலவரி கட்டமாட்டோம் என்று மகாத்மாவின் தலைமையில் குடியானவர்கள் உறுதியாக நின்ற இடம் இதுவே. அந்தப் போராட்டத்தில் அவருக்கு வலக்கரமாக இருந்தவர் வல்லபாய் படேல். அவருடைய சொந்தக் கிராமமாகிய கரம்ஸத், ஆனந்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம்.

ஆனந்துக்கு அருகில் உள்ள ஒரு கிராமத்தில், உபாத்தியாயர் ஒருவர் தயவால் நமக்கு ஜாகை கிடைத்தது. இந்த ஊர்களில் வீடுகள் தனித்தனியாக இரா. ஒரு பொது வாசலுக்குள் பல வீடுகள் சேர்ந்து ஒரு சிறு வீதியாக அமைந்திருக்கும். இதற்குக் கட்கி என்று பெயர். நாம் தங்கிய வீட்டின் தலைவி ஒரு மூதாட்டி. கட்கி முழுவதும் அவளைப் ‘பா’ என்றே அழைத்தது. கஸ்தூரிபாவைத் தேசம் அழைத்ததும் அந்த ‘பா’வினால்தானே? தாய் என்று அர்த்தம். நாமும் அப்படியே அழைத்தோம். பாவின் வீட்டில் மனிதர்கள் நால்வர், எருமைகள் மூன்று, கன்றுகள் இரண்டு.

விடியுமுன்னே

குஜராத் என்றால் வெயில் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் ஜனவரி மாதத்தில் ஒரு நாள் அங்கே நாலரை மணிக்கு எழுந்திருந்து பார்க்கவேண்டும். பகலில் இதமான வெயில்தான். இரவில் உஷ்ணம் 12 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வயல் பக்கமிருந்து வரும் காற்று கம்பளிக்குள் எப்படியோ வழி கண்டுபிடித்துக்கொண்டு நுழைகிறது. பனி மூட்டத்தில் எதிர் வீட்டுக் கதவு தெரிவதில்லை. ஆனால் ஒவ்வொரு கொட்டிலிலும் விளக்கு எரிவது மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

பாவும் அவளுடைய மருமகளும் அதற்குள் எழுந்து பாதி வேலையை முடித்திருந்தார்கள். முதல் வேலை, சாணத்தை வாரி, ஈரமான வைக்கோலை அகற்றி, எருமையின் கால்மாட்டில் உலர்ந்த தாளைப் பரப்புவது. எருமை கறுப்பாகவும் முரடாகவும் இருப்பதால் அதற்குக் குளிராது என்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. பசுவைப்போல் அடர்ந்த ரோமம் எருமைக்கு இல்லை. ஆகையால் வெயிலும் அதைச் சுடும், குளிரும் அதை வாட்டும். நனைந்த தரையில் இரவெல்லாம் படுத்திருந்தால் மறுநாள் பால் குறைந்துவிடும். கன்றுகளின் பாடு இன்னும் கஷ்டம். மார்ச்சளி கண்டு மடிந்துபோவது குளிர்காலத்தில்தான் அதிகம். ஆகவே கன்றுகள் இரண்டுக்கும் கோணிச் சாக்கை மடித்துச் சட்டைபோல் முதுகில் கட்டியிருந்தார்கள். நாம் கம்பளியும் அவை கோணியுமாக ஒருவரையொருவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அடுத்தபடி தண்ணீர். தொட்டியில் இரவு நின்ற தண்ணீர் பனிக்கட்டிபோல் சில்லென்றிருக்கும். அதை எருமை வாய் வைத்துப் பார்த்துவிட்டு விலகிவிடும். தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். எனவே குழாய்க் கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த நீரைக் கொடுக்கிறார்கள். பூமிக்குள்ளிருந்து வரும் அந்த நீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாக ஆவி பறக்க வருகிறது.

பிறகு பருத்திப் பிண்ணாக்கும் மாட்டுத் தீவனமும் கலந்து தொட்டியில் வைத்துவிட்டு, மருமகள் கணப்புச் சட்டியண்டை உட்கார்ந்து கைகளைக் காய்ச்சிக்கொண்டாள். தனக்குக் குளிர்கிறது என்பதற்காகவோ என்று எண்ணினோம். உபாத்தியாயர் சிரித்துக்கொண்டே, “இல்லை, எருமைக்காக!” என்றார். சில்லிட்ட விரல் மடியில் பட்டால் எருமை பாலை அடக்கிக்கொண்டுவிடுமாம். எருமையின் பால் பசுவின் பாலைப்போல் மடியின் அடியில் வந்து காத்துக்கொண்டிராது. மேலே சுரப்பிகளிலேயே தங்கியிருக்கும். கன்று முட்டிக் குடித்து, எருமைக்கு மனம் இளகி, ஓரிரண்டு நிமிஷம் சென்ற பிறகே இறங்கி வரும். அந்தச் சமயத்தில் அயலார் முகத்தைக் கண்டாலும் போதும், மறுபடி நின்றுவிடும். இதனால் நம்மைத் தூண் மறைவில் நிற்கச் சொன்னார்கள். எந்தச் சபையிலும் நமக்குக் கிடைக்காத கௌரவம், நம்முடைய முகத்துக்கு ஓர் எருமையிடம் கிடைத்தது!

சுர்த்தி ஜாதி எருமைகள் அவை. அரிவாள்போல் வளைந்த கொம்பு. தாடையின் கீழ் ஒன்றும் மார்பின்மேல் ஒன்றுமாக இரண்டு வெள்ளைப் பட்டைகள், மாலை போட்டாற்போல. சிறிது நேரத்தில் பித்தளைப் பாத்திரத்தில் பால் விழும் சத்தம் கேட்டது. முதலில் கணீரென்றும், நுரை எழும்ப எழும்ப மெத்தென்றும் அந்தச் சத்தம் மாறியது. ஒரு மடியில் இரண்டு காம்பைக் கன்றுக்கு விட்டு மற்றதைக் கறந்தாள். எருமைக் காம்பு தடித்தது. பலமாக அழுத்திக் கறக்கவேண்டும். மூன்று எருமையையும் கறந்து எழுந்தபோது, அந்தக் குளிரிலும் அவள் நெற்றியில் வியர்வை முத்துக்கள் அரும்பியிருந்தன.

வரிசையில் எல்லாரும் சமம்

ஆறு மணிக்குக் கிராமமே பால் தூக்குகளோடு வீதியில் புறப்பட்டது. எல்லாரும் போகும் இடம் ஒன்றுதான்: ‘தூத் மண்டளி’, அதாவது கிராமத்துப் பால் சங்கம். தலையை முக்காட்டால் மூடிய ஸ்திரீகள், போர்வைக்குள் பால் தூக்கை மறைத்துக்கொண்டு வரும் சிறுவர்கள், தடியூன்றிய கிழவர்கள், எல்லாரும் ஒரே வரிசை. பத்து எருமை வைத்திருக்கும் பெரிய குடும்பத்துக்காரரும், நிலமே இல்லாமல் ஒரே எருமையை நம்பியிருக்கும் ஏழை ஸ்திரீயும் முன்பின்னாக நிற்கிறார்கள். யார் முதலில் வந்தாரோ அவர் பால் முதலில். எந்த ஜாதியார் என்ற கேள்வி அங்கே இல்லை. எல்லார் பாலும் ஒரே தொட்டியில் போய்க் கலந்துவிடுகிறது. ஜாதி வித்தியாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். இவ்வளவு சுருக்கமான பிரசங்கத்தை இப்போதுதான் கண்டோம்.

முன்பெல்லாம் ஒவ்வொருவர் பாலிலிருந்தும் சிறு புட்டியில் மாதிரி எடுத்து, திராவகம் விட்டுச் சுழற்றி, அதில் வெண்ணெய்ச் சத்து எவ்வளவு என்று கணக்கிடுவார்களாம். இப்போது மின்சாரக் கருவி ஒன்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுகிறது. அளவும் சத்தும் விலையும் அச்சிட்ட சீட்டு ஒன்று கைக்கு வருகிறது. வெண்ணெய்ச் சத்துக்கு ஏற்ற விலை என்பதால், தண்ணீர் கலந்தால் கலந்தவருக்கே நஷ்டம். உபதேசத்தைக் காட்டிலும் கணக்கு நல்ல ஆசிரியர் போலும்! ஆரம்ப காலத்தில் காலைப் பாலுக்கு மாலையிலும், மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள். இப்போது பாங்கிக் கணக்கில் சேர்கிறது.

மண்டளியின் விதிகளுள் ஒன்று நம் மனத்தைக் கவர்ந்தது. அங்கத்தினர் கொண்டுவரும் நல்ல பாலை, எவ்வளவானாலும், வருஷத்தில் எந்த நாளானாலும், இரண்டு வேளையும் ஏற்றுக்கொண்டே தீரவேண்டும். “இன்று வேண்டாம், போதும்” என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை. இது ஒரு சாதாரண விதியாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த ஜனங்கள் செய்த போராட்டமும், பட்ட பாடும் கொஞ்சமல்ல. அதைத் தெரிந்துகொள்ள, குளிர்காலத்துக்கும் எருமைக்கும் உள்ள உறவைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

பெருக்கே துக்கமான கதை

பசு வருஷத்தில் எந்த மாதத்திலும் கன்று ஈனும். எருமையோ பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் பெரும்பாலும் சினைக்கு வரும். சினைக் காலம் சுமார் பத்து மாதமும் பத்து நாளும். ஆகையால் மழைக்காலம் முடியும் தறுவாயிலும் ஐப்பசி கார்த்திகையிலும் கன்றுகள் பிறக்கின்றன. கன்று போட்ட இரண்டாவது மாதத்தில் பால் உச்சத்துக்கு வரும். அப்போது பசும் தீவனமும் ஏராளம். இத்தனையும் ஒன்று சேர்வது குளிர்காலத்தில். கோடையில் கறப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் அப்போது கறக்கும்.

லக்ஷ்மி கடாக்ஷம் என்று நாம் நினைப்போம். சரோதர் குடியானவர்களுக்கு ஒரு காலத்தில் அதுவே சாபமாக இருந்தது. பால் பொன்னைப்போல் பூட்டி வைக்கக்கூடிய பண்டமா? சில மணி நேரம் போனால் திரிந்துவிடும். எல்லார் வீட்டிலும் பால் பெருகும் நாளில் வாங்குகிறவன் வைத்ததே விலை. “எனக்கு வேண்டாம்” என்று அவன் சொல்லிவிட்டால், எந்த விலையும் இல்லை. குளிரில் எழுந்து பாடுபட்டதெல்லாம் வியர்த்தம். பெருக்கு எவ்வளவோ, அவ்வளவு துக்கம்.

1945-இல் பம்பாய் ஸர்க்கார் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். சுமார் 430 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஆனந்திலிருந்து பால் போயிற்று. அதைத் திரட்டி அனுப்பும் உரிமை போல்சன் கம்பெனிக்குக் கிடைத்தது. ஸர்க்காருக்கும் கம்பெனிக்கும் விலை ஒப்பந்தம் இருந்தது. நடுவில் உள்ள தரகர்களுக்கு லாபம் இருந்தது. எருமையைக் கறந்தவனுக்கு என்ன விலை என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை!

குடியானவர்கள் சர்தார் படேலிடம் போய் முறையிட்டார்கள். சர்தார் சொன்ன யோசனை சுருக்கமானது: நீங்களே சங்கம் அமைத்து, நீங்களே பாலைப் பதப்படுத்தி விற்கவேண்டும், அதை ஸர்க்கார் ஏற்காவிட்டால் பாலை விற்காதீர்கள், ஆனால் நஷ்டத்தைத் தாங்கத் தயாராயிருந்தால்தான் இறங்கவேண்டும். மொரார்ஜி தேசாயை அவர் அனுப்பி வைத்தார். 1946-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி ஸமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. கிராமத்துக்கு ஒரு சங்கம், அவையனைத்தும் சேர்ந்து ஜில்லாவுக்கு ஒரு சங்கம் என்று அங்கே தீர்மானித்தார்கள். ஸர்க்கார் இணங்கவில்லை. பால் விற்பதை நிறுத்திவிட்டார்கள்.

தேதியை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஜனவரி! மடி நிரம்பி வழியும் காலம். ஆலைத் தொழிலாளி வேலை நிறுத்தம் செய்தால் யந்திரம் சும்மா கிடக்கும். எருமையிடம் வேலை நிறுத்தம் என்று சொல்ல முடியுமா? அதை இரண்டு வேளையும் கறந்துதான் தீரவேண்டும். கறக்காவிட்டால் மடி கட்டி நோய் கண்டுவிடும். தீவனம் போடவேண்டும், சாணம் வாரவேண்டும், நாலரை மணிக்கு எழுந்திருக்கவேண்டும். வேலையில் ஒரு துளியும் குறையாது, வருமானம் மட்டும் இல்லை. அப்படிப்பட்ட வேலை நிறுத்தத்தைப் பதினைந்து தினங்கள் நடத்தினார்கள். பாவின் மாமியார் அந்த நாட்களைப் பற்றி அடிக்கடி சொல்வாளாம். வீட்டில் மோர்ப் பானைகள் போதவில்லையாம்; குழந்தைகள் பாலைக் கண்டால் ஓடி ஒளிந்ததாம்; வீட்டுக்காரர்களுக்கு இரவில் தூக்கம் இல்லையாம்.

கடைசியில் பம்பாயிலிருந்து பால் கமிஷனரே ஆனந்துக்கு வந்து பார்த்தார். குடியானவர்களின் கோரிக்கை ஏற்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பர் 14-ந் தேதி கேடா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று. காங்கிரஸ் ஊழியரான ஸ்ரீ திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவர். கிராமம் கிராமமாக நடந்து சென்று அவர் அதை வளர்த்தார். 1948 ஜூன் மாதத்தில் இரண்டு கிராமச் சங்கங்களின் பாலைக் கொண்டு, தினம் சுமார் 250 லிட்டரோடு வேலை ஆரம்பமாயிற்று.

எருமைப் பாலும் நிபுணர்களும்

கதை இத்துடன் சுபமாக முடிந்துவிடவில்லை. அங்கத்தினர்கள் பெருகினார்கள், குளிர்காலம் வந்தது, பாலும் பொங்கியது. பம்பாய் நகரம் குளிர்காலத்தில் இரண்டு மடங்கு பால் குடிக்குமா? வாங்கவேண்டிய அளவுக்கு மேல் வேண்டாம் என்று திட்டத்தார் சொல்லிவிட்டார்கள். குடியானவர்களின் சொந்தச் சங்கமே, “இன்று பால் வேண்டாம்” என்று சொல்லும்படியான நிலைமை! பழைய தரகனுக்கும் புதிய சங்கத்துக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

இந்தச் சமயத்தில் ஆனந்தில் இருந்தவர் வர்கீஸ் குரியன். கள்ளிக்கோட்டையில் பிறந்து, சென்னை லயோலா கலாசாலையிலும் கிண்டி எஞ்ஜினீயரிங் கலாசாலையிலும் படித்த வாலிபர். 1949 மே மாதம் 13-ந் தேதி ஸர்க்கார் உத்தியோகத்தை முன்னிட்டு, வேண்டா வெறுப்பாக அங்கே வந்து இறங்கினார். திரிபுவன்தாஸின் அன்பில் கட்டுண்டு, 2012-இல் காலமாகும் வரையில் அந்த ஊரிலேயே இருந்துவிட்டார். பால் உலகத்தின் தலைவரான இவருக்குப் பால் குடிக்கப் பிடிக்காது என்பது ஒரு வேடிக்கை.

குளிர்காலப் பாலைக் கோடைக்குக் காப்பாற்ற வழி ஒன்றே ஒன்று: அதை உலர்த்திப் பவுடராக்குவது. ஆனால் மேல்நாட்டு நிபுணர்கள் கை விரித்தார்கள். பசும்பாலைப் பவுடராக்கலாம், எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அது நடவாது என்றார்கள். அவர்கள் நாட்டில் எருமைப் பால் இல்லை. ஆகவே அதற்கு வழி காணவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. ஆனந்தில் இருந்த எச். எம். தலாயா என்ற நமது நாட்டு நிபுணர் அது நடக்கும் என்று பரீட்சை செய்து காட்டினார். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியும் நியூஸிலாந்தும் உதவி புரிந்தன. 1954 நவம்பர் 15-ந் தேதி ராஷ்டிரபதி ராஜேந்திர பிரஸாத் அஸ்திவாரக் கல் நாட்டினார். மறு வருஷம் அக்டோபர் 31-ந் தேதி, சர்தாரின் பிறந்த தினத்தன்று, பண்டித ஜவாஹர்லால் நேரு தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். குளிர்காலம் ஆரம்பிப்பதற்குச் சரியாக! ‘வேண்டாம்’ என்ற வார்த்தை அன்று முதல் ஆனந்துப் பால் அகராதியிலிருந்து எடுபட்டது. ‘அமுல்’ என்று நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும் பெயர் வளர்ந்தது இந்த வேரிலிருந்துதான்.

1964 அக்டோபர் 31-ந் தேதி, கஞ்சரியில் மாட்டுத் தீவனத் தொழிற்சாலையைத் திறந்து வைக்கப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வந்தார். அப்போது அஜர்புரா என்ற கிராமத்தில் ஓர் இரவு குடியானவர் வீட்டில் தங்கி, அவர்களோடு பேசினார். மண்ணிலோ மழையிலோ இங்கே தனி மகிமை இல்லை. பண்ணையைக் குடியானவர்களே சொந்தமாக நடத்துவதுதான் ரகசியம் என்று கண்டுகொண்டார். மறு வருஷமே தேசியப் பால்வள வாரியம் ஆனந்தில் ஏற்பட்டது. 1970-இல் தொடங்கிய ‘வெண்மைப் பெருக்கு’த் திட்டத்தின் மூலம் இந்த முறை மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நமது தமிழ்நாட்டின் ஆவினும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

பகலும் மாலையும்

பாவின் வீட்டுக்குத் திரும்புவோம். பால் ஊற்றிவிட்டு வந்ததும் சுடச்சுடத் தேநீரும் கம்பு ரொட்டியும். கம்பு ரொட்டியின்மேல் நெய்யும், பக்கத்தில் வெல்லக் கட்டியும், சுட்ட கத்தரிக்காய்க் கறியும் வைத்தார்கள். இந்த ஆகாரத்தின் பெருமை குளிரில்தான் தெரியும்.

பிறகு மருமகள் வயலுக்குப் போய்க் குதிரைமசால் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தாள். பனி ஈரத்தோடு கூடிய இளந்தழையை அப்படியே போட்டால் மாட்டுக்கு வயிறு ஊதிவிடும். ஆகவே வெயிலில் சற்று வாடவிட்டு, சோளத்தட்டையோடு சேர்த்து நறுக்கிப் போடுகிறார்கள். உச்சி வேளையில் வெயில் நன்றாக ஏறியதும் எருமைகளை வெளியே கட்டி, தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அந்த ஒரு மணி நேரந்தான் எருமைக்குக் குளிர்காலத்தில் பரம சுகம். கண்ணை மூடிக்கொண்டு அசை போட்டது. பெண்களுக்கு அப்போதும் ஓய்வில்லை. காலைச் சாணமெல்லாம் வரட்டியாகச் சுவரில் ஏறியது. ஐந்து மணிக்கு மீண்டும் கறவை. ஆறு மணிக்கு மீண்டும் வரிசை. இரவில் தெருமுனையில் சுள்ளி போட்டுத் தீ மூட்டி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். அதற்குத் தாபணு என்று பெயர். ஊர் வம்பும் உலகச் செய்தியும் அங்கேதான் அலசப்படுகின்றன.

அந்தத் தீயின் முன் பாவைக் கேட்டோம்: “இவ்வளவு பாடுபட்டு இதில் என்ன மிச்சம், பா?”

“பாயீ, வயல் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. வந்த வழியே கடனுக்கும் உரத்துக்கும் போய்விடுகிறது. பால் பணம் தினம் வருகிறது. அது இந்தக் கைக்கு வருகிறது” என்று தன் கையை விரித்துக் காட்டினாள் பா. காய்த்துப் போன கை. “குளிர்காலத்தில் சேர்ப்பதை வைத்துக் கோடையைத் தள்ளவேண்டும். கோடையில் பால் பாதியாகிவிடும்; தீவனம் இரட்டிப்பு விலை. என் இரண்டு பெண்களையும் படிக்கவைத்தது இந்த மூன்று மாதக் குளிர்தான்.”

குளிர்காலம் தன் பெண்களைப் படிக்கவைத்தது என்று சொன்ன தாயை நாம் இதற்கு முன் சந்தித்ததில்லை.

அடுத்த குளிர்காலம்

உத்தராயணத்தன்று ஆகாயம் முழுவதும் காற்றாடிகள். எள்ளும் வெல்லமும் சேர்ந்த பண்டம் வீட்டுக்கு வீடு. நம் ஊரில் மறுநாள் மாட்டுப் பொங்கல் அல்லவா? அங்கே அன்றைக்கே மாட்டுக்குப் புல் வாங்கிப் போடுவதைப் பெரிய புண்ணியமாகக் கருதுகிறார்கள். சிறுவர் சிறுமியர் கைகளில் பச்சைத் தழையுடன் வீதியெங்கும் திரிந்தார்கள். ஆனால் மொட்டை மாடியில் காற்றாடி விட்டுக்கொண்டிருந்த வாலிபர்கள் பலர் ஆனந்திலோ ஆமதாபாத்திலோ உத்தியோகம் பார்ப்பவர்கள், பண்டிகைக்காக வந்தவர்கள். சரோதர்வாசிகள் கடல் கடந்து செல்வதில் பெயர் போனவர்கள். கிழக்கு ஆப்பிரிக்கா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று அவர்கள் போகாத தேசம் குறைவு. பாவின் பேரனும் வெளிதேசம் போக மனுப் போட்டிருக்கிறான். பா அவனைக் குறை சொல்லவில்லை. “படிக்கவைத்தது பிறகு எதற்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நாம் புறப்படும் நாளன்று கால்நடை வைத்தியர் வந்து, மூத்த எருமைக்குச் சினை ஊசி போட்டுவிட்டுப் போனார். பா விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கார்த்திகை மாதத்தில் கன்று பிறக்கும் என்றாள். ஆக, அடுத்த குளிர்காலத்துப் பாலுக்கு இந்தக் குளிர்காலத்திலேயே அச்சாரம் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பால் வரும்போது அதை வாங்க மண்டளி இருக்கும். உலர்த்த யந்திரம் இருக்கும். குடிக்க நகரங்கள் இருக்கும். இத்தனைக்கும் 1946-இல் வழி செய்து வைத்துவிட்டார்கள் பெரியவர்கள். நாலரை மணிக்கு எழுந்து, விரலைத் தீயில் காய்ச்சி, எருமையின் மனம் நோகாமல் கறக்க யார் இருப்பார்கள் என்பதற்குத்தான் இன்னும் யாரும் வழி சொல்லவில்லை.

பா தன் கணக்கை முடித்துவிட்டு, தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பப் போய்விட்டாள்.